பெயர் தேடிப் போன ஆறு நாள்: எங்கள் தஞ்சாவூர்

புதன் இரவு, கிளம்புவதற்கு முன்

ஆடி மாதம் முழுக்க எங்கள் குழுவுக்கு ராத்தூக்கம் கிடையாது. எந்த ஊர் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டினாலும் தப்புப் பறைக்கும் கரகத்துக்கும் பொய்க்கால் குதிரைக்கும் ஆள் வந்துவிடும். பட்டுக்கோட்டைப் பக்கம், ஒரத்தநாட்டுப் பக்கம், பாபநாசம் தாண்டி என்று வேனிலேயே தூங்கி, வேனிலேயே விழித்தோம். ஆவணி பிறந்ததும் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைத்தது. அப்போதுதான் கரகம் ஆடும் அக்கா சொன்னார்: "ஊர் ஊரா ஆடிட்டு வர்றோம். நம்ம தஞ்சாவூர நாம எப்பப்பா ஒண்ணாப் போய்ப் பாத்தோம்?"

அப்படித்தான் இந்த ஆறு நாள் முடிவானது. குழுவில் ஆளுக்கு ஓர் இடம். அவரவருக்கு இந்த மாவட்டத்தில் எது பிடித்த இடமோ அங்கே அவர் மற்றவர்களைக் கூட்டிப்போக வேண்டும், ஏன் பிடிக்கும் என்று சொல்லவும் வேண்டும். நான் குழுவில் பாட்டு எழுதுகிறவன், கணக்கும் பார்க்கிறவன், அதனால் நாட்குறிப்பும் என் தலையில் வந்தது. தினமும் இரவு எழுதி அன்றன்றே போட்டுவிடுகிறேன்.

முதல் நாள், வியாழன்: பெரிய கோயிலின் வடக்கு மதில்

முதல் இடம் அக்காவுடையது. பெரிய கோயில் என்றதும் சின்னவன் ஒருவன், "அக்கா, அங்கதான் வாராவாரம் போறோமே" என்றான். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. நந்தியைத் தாண்டி, சன்னதிக்குள்கூடப் போகாமல் நேரே எங்களை வடக்குப் பக்கம் நடத்திக்கொண்டு போனார். கையில் தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியிலிருந்து நகல் எடுத்த தாள்கள், ஓரம் மடிந்து, நடுவில் எண்ணெய்க் கறையோடு. எத்தனை தடவை படித்திருப்பார் என்பது அந்தத் தாளைப் பார்த்தாலே தெரிந்தது.

கோயிலைக் கட்டி 1010இல் குடமுழுக்கு நடத்திய ராஜராஜன், சோழ நாட்டுக் கோயில்கள் பலவற்றிலிருந்து 400 ஆடற்பெண்களைக் கொண்டுவந்து இங்கே குடியேற்றினான். தளிச்சேரிப் பெண்டுகள் என்று அவர்களுக்குப் பெயர். கோயிலைச் சுற்றித் தெருக்கள் போட்டு, வீடு கொடுத்து, ஆளுக்கு ஒரு பங்கு என்று எழுதி வைத்தான். ஒரு பங்கு என்றால் ஒரு வேலி நிலத்தின் விளைச்சல், ஆண்டுக்கு 100 கலம் நெல். அந்த நெல்லை அளந்த மரக்காலின் பெயர் ஆடவல்லான். இது எல்லாம் பள்ளிக்கூடத்திலேயே கொஞ்சம் கேள்விப்பட்டதுதான். எனக்குத் தெரியாமல் இருந்தது, அந்த நானூறு பேரின் பெயரும் வீட்டு வரிசையோடு வடக்குத் திருச்சுற்று மதிலின் வெளிப்புறத்தில் வெட்டியிருக்கிறது என்பது.

அக்கா மதிலைப் பார்த்து நின்று, தாளைப் பார்த்து வாசித்தார். தெற்குத் தளிச்சேரி, தென்சிறகு, தலைவீடு, திருவையாற்று ஒலோகமாதேவி ஈஸ்வரத்து நக்கன் சேரமங்கைக்குப் பங்கு ஒன்று. இரண்டாம் வீடு நக்கன் இரணமுகராமி. மூன்றாம் வீடு நக்கன் உதாரி. நான்காம் வீடு நக்கன் பட்டாலி. ஐந்தாம் வீடு நக்கன் எடுத்தபாதம்.

எடுத்தபாதம். தூக்கிய காலுக்கே ஒரு பெண்ணின் பெயர். அக்கா அந்த இடத்தில் நிறுத்திவிட்டார். அவருக்குக் குரல் கொஞ்சம் உடைந்தது. "என் பேரு எந்த நோட்டீஸ்லயும் வந்ததில்லப்பா. கரகாட்டம்னு போடுவாங்க, அவ்வளவுதான். இவ பேரு ஆயிரம் வருஷமா வெயில்ல நிக்குது" என்றார்.

கல்லில் எழுத்து நாங்கள் நினைத்ததைவிடச் சிறியது. வெயில் சாய்வாக விழும்போதுதான் பள்ளம் தெரிகிறது. நேர் வெயிலில் வெறும் கல். மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது என்பதால் எங்களுக்கு எழுத்துக் கூட்டவே நேரம் பிடித்தது. 'பங்கு' என்ற சொல் மட்டும் திரும்பத் திரும்ப வரும் என்பதால் அதைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் தடவிப் போனோம், கையால் இல்லை, கண்ணால். சின்னவன் மூன்றாவது 'பங்கு'வைக் கண்டுபிடித்ததும் துள்ளிவிட்டான்.

ஆடியவர்கள் மட்டும் இல்லை. நட்டுவம் செய்தவர்கள், பாடியவர்கள், வீணை வாசித்தவர்கள், வங்கியம் ஊதியவர்கள், கொட்டு வாசித்த உவச்சர்கள், தையல்காரர், தச்சர், சலவை செய்தவர், நாவிதர் என்று அந்த வரிசை போகிறது. ஒருவர் இறந்துபோனாலோ ஊரைவிட்டுப் போனாலோ அந்தப் பங்கு அவருடைய நெருங்கிய உறவினருக்கு, அவருக்கு அந்தத் தொழில் தெரியாவிட்டால் தெரிந்த ஒருவரை அவரே நிறுத்த வேண்டும் என்று விதியும் இருக்கிறது. எங்கள் குழுவில் ஒருவர் காய்ச்சலில் படுத்தால் மாற்று ஆள் தேடி நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும். அந்த வரியை இரண்டு தடவை படித்தேன்.

அரசன் கொண்டுவந்தான் என்று எழுதியிருக்கிறதே தவிர அவர்கள் விரும்பி வந்தார்களா என்று கல்லில் இல்லை. அக்காவும் அதைச் சொன்னார். சொன்ன பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

விமானத்தின் மேல்தளத்தில், உள்சுற்றில், சிவன் ஆடும் கரணச் சிற்பங்கள், அதாவது ஆடல் நிலைகள், இருக்கின்றன. 108 கரணங்களில் 81 மட்டும் செதுக்கி முடித்தார்கள், மிச்சக் கல் வெறுமையாக நிற்கிறது. அங்கே பொதுமக்கள் ஏற முடியாது. கீழே புல்தரையில் உட்கார்ந்து, மேலே அந்தச் செதுக்காத 27 கற்களைப் பற்றி இருட்டும் வரை பேசிக்கொண்டிருந்தோம். பொய்க்கால் அண்ணன், எண்பத்தொன்றாவது கரணத்தை முடித்த சிற்பி மறுநாள் ஏன் வரவில்லை என்பதிலேயே நின்றார்.

அங்கேதான் நோட்டுப் போடுவது என்று முடிவு செய்தோம். போகிற ஒவ்வோர் இடத்திலும் கலைஞர் பெயர் ஒன்றாவது எழுதிக்கொண்டு வருவது. முதல் பக்கத்தில் அக்கா கையெழுத்தில் அந்த ஐந்து பெயர்கள்.

இரண்டாம் நாள், வெள்ளி: மேல வீதி, அப்புறம் ஒரு வீணைப் பட்டறை

இன்றைய இடம், பரதம் கற்றுக்கொண்டு எங்களோடு தெருக்கூத்திலும் ஆடும் தங்கையுடையது. காலை ஆறரைக்கு மேல வீதிக்கு வரச் சொல்லிவிட்டாள். கடைகள் திறப்பதற்கு முன்னால், வண்டிச் சத்தம் வருவதற்கு முன்னால் பார்க்க வேண்டுமாம். அவள் சொன்னது சரி. வாசல் தெளித்த ஈரம் காயாத தெரு வேறு தெருவாகத்தான் இருந்தது.

ஒரே தெருவில் எவ்வளவு! பங்காரு காமாட்சி கோயில் இங்கேதான். பொன்னால் ஆன அந்த அம்மனுக்குப் பூசை செய்தவர் சியாமா சாஸ்திரிகள் (1762–1827). பூசை முடித்த வாயோடு அம்மன்மேல் பாடிய கீர்த்தனைகள்தான் இன்று எல்லா மேடையிலும் கேட்கிறோம். அதே தெருவில் கொஞ்சம் நடந்தால் தஞ்சை நால்வர் வாழ்ந்த வீடு. சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு. இரண்டாம் சரபோஜி காலத்து அரண்மனையில் இருந்த நட்டுவனார் குடும்பம், முத்துசுவாமி தீட்சிதரின் மாணவர்கள். அலாரிப்பில் தொடங்கி ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம் என்று போய்த் தில்லானாவில் முடிக்கும் கச்சேரி வரிசையை ஒழுங்கு செய்து கொடுத்தவர்கள். உலகத்தில் எந்த ஊரில் அரங்கேற்றம் நடந்தாலும் அந்த வரிசை இந்தத் தெருவிலிருந்து போனதுதான்.

நால்வரில் கடைசித் தம்பி வடிவேலு திருவனந்தபுரம் போய் சுவாதித் திருநாள் அவையில் இருந்தார். கர்நாடக இசைக்கு வயலினைக் கொண்டுவந்தவர்களில் அவரும் ஒருவர். மன்னர் அவருக்குத் தந்தத்தில் செய்த வயலின் ஒன்றைப் பரிசளித்தார்.

வீட்டு வாசலில் நின்று தங்கை செருப்பைக் கழற்றினாள். காலால் தட்டி ஓசை எழுப்பாமல், பாதம் மண்ணில் படுவது மட்டும் தெரிகிற மாதிரி அலாரிப்பின் முதல் சில அடவுகளைச் செய்தாள். ஐந்தாறு நிமிடம்தான். எதிர்வீட்டு ஆயா கோலமாவுக் கிண்ணத்தோடு நின்று பார்த்துவிட்டு, "யாரு பொண்ணு நீ?" என்று கேட்டார். தெருவில் ஆடினால் எங்களை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

மதியம் தெற்கு வீதிக்குப் பின்னால் ஒரு வீணைப் பட்டறை. இதைத் தங்கை முன்பே பேசி வைத்திருந்தாள். பண்ருட்டிப் பக்கத்துப் பலா மரம் வாசலிலேயே கிடந்தது, மஞ்சள் நிறத்தில், வெட்டிய முகத்தில் பால் கசிந்து காய்ந்த கறையோடு. குடம், தண்டி, யாளி முகம் மூன்றையும் ஒரே மரத்தில் குடைந்து எடுத்தால் ஏகாந்த வீணை. தனித்தனியே செய்து சேர்த்தால் ஒட்டு வீணை. ஏகாந்தத்துக்கு நாள் அதிகம், மரம் அதிகம், ஆனால் நாதம் ஒட்டில்லாமல் ஓடும் என்றார் பட்டறைக்காரர்.

மேளம் கட்டுவது, அதாவது மெட்டுகளைப் பதிக்கும் வேலையைத்தான் நான் கிட்டே உட்கார்ந்து பார்த்தேன். தண்டியின் மேல் இரண்டு பக்கமும் கறுத்த மெழுகுச்சட்டம். தேன்மெழுகும் குங்கிலியமும் கரியும் கலந்து காய்ச்சியது. அதன் மேல் 24 வெண்கல மெட்டுகளை ஒவ்வொன்றாகப் பதிக்க வேண்டும். அளவுகோல் இல்லை. தந்தியை மீட்டுகிறார், காதைச் சாய்க்கிறார், மெட்டை ஒரு முடியளவு நகர்த்துகிறார், மறுபடி மீட்டுகிறார். மெழுகு கொஞ்சம் இளகிய பதத்தில் இருக்கும்போதே சுரம் நின்றுவிட வேண்டும். ஒரு மெட்டில் பதினொரு தடவை நகர்த்தியதை எண்ணினேன். பன்னிரண்டாவதில் அவர் தலையை ஆட்டினார், எங்களுக்கும் அந்தச் சுரம் வந்து உட்கார்ந்தது கேட்டது. 24 மெட்டை நிலையாக வைக்கும் இந்த முறை 17ஆம் நூற்றாண்டில் ரகுநாத நாயக்கர் ஆட்சியில் வந்தது. அதனால்தான் இதற்குத் தஞ்சாவூர் வீணை என்று பெயர்.

வீணையில் செய்தவர் பெயர் எங்கே எழுதுவீர்கள் என்று கேட்டேன். எழுதுவது வழக்கமில்லை என்றார். வாசிக்கிறவர் கையில் போனால் அது அவர் வீணைதான் என்று சொல்லிவிட்டு அடுத்த மெட்டை எடுத்தார். நோட்டில் நால்வர் பெயரும் சாஸ்திரிகள் பெயரும் ஏறின. பட்டறைக்காரர் தன் பெயரைச் சொல்லத் தயங்கி, கடைசியில் அப்பா பெயரைச் சொன்னார். அதை எழுதிக்கொண்டோம்.

மூன்றாம் நாள், சனி: திருவையாறு

பழைய பேருந்து நிலையத்தில் டவுன் பஸ். 13 கிலோமீட்டர்தான். கரந்தையைத் தாண்டினால் ஆறு ஆறாகக் கடக்க வேண்டும்: வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, கடைசியில் காவிரி. ஐந்தையும் சின்னவன் விரல்விட்டு எண்ணிக்கொண்டு வந்தான். மேட்டூர்த் தண்ணீர் வந்து நாளாகிவிட்டதால் ஐந்திலும் நீர். ஜன்னல் பக்கம் இருந்த எல்லோரும் பாலம் வரும்போதெல்லாம் பேச்சை நிறுத்தினார்கள். டெல்டாக்காரர்களுக்கு ஆற்றில் தண்ணீர் ஓடினால் பார்க்காமல் இருக்க முடியாது.

இது எனக்குப் பிடித்த இடம். பாட்டு எழுத ஆரம்பித்ததே இங்கே படித்துறையில் உட்கார்ந்துதான்.

ஐயாறப்பர் கோயிலில் முதலில் பிராகாரத்தின் தென்மேற்குப் பகுதிக்குப் போனோம். அங்கே நின்று "ஐயாறா" என்று ஒரு தடவை கூப்பிட்டால் ஏழு தடவை திரும்பக் கேட்கும் என்பார்கள். முதலில் தங்கை கூப்பிட்டாள். அவள் குரல் மெல்லியது, மூன்று தெளிவாக வந்தது. அப்புறம் எங்கள் தப்பு வாத்தியார் கூப்பிட்டார். அறுபத்தெட்டு வயது, வயல்வெளியில் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை. ஒன்று, இரண்டு, மூன்று என்று தேய்ந்துகொண்டே போய் ஏழாவது வெறும் மூச்சு மாதிரி வந்து தொட்டது. ஏழும் எண்ணிவிட்டோம். வாத்தியார் தன் குரலைத் தானே அப்படிக் கேட்டதில்லை போலிருக்கிறது. மறுபடி கூப்பிடச் சொன்னபோது வேண்டாம் என்று கையசைத்துவிட்டார்.

அதே வளாகத்தில் வடபக்கம் ஒலோகமாதேவீச்சரம் இருக்கிறது. ராஜராஜனின் அரசி ஒலோகமாதேவி கட்டியது, வட கயிலாயம் என்றும் சொல்வார்கள். உள்ளே கூட்டமே இல்லை. அக்கா வாசலிலேயே நின்றுவிட்டார். அப்போதுதான் எனக்கும் உறைத்தது. சேரமங்கையும் எடுத்தபாதமும் இந்தக் கோயிலிலிருந்து கிளம்பிப் போனவர்கள். நாங்கள் வந்த ஐந்து ஆற்றையும் எதிர்த்திசையில் கடந்திருப்பார்கள். பாலம் ஏது, பரிசலோ ஓடமோ, கோடைக்காலமாக இருந்தால் மணலில் நடையோ. தலையில் என்ன சுமந்து போயிருப்பார்கள் என்று அக்கா கேட்டார். சலங்கை என்றாள் தங்கை. அக்கா, "மொதல்ல பாத்திரம் பண்டம்" என்றார். வீடு மாறிப் பழகியவர் அவர்.

மாலையில் காவிரிக் கரையில் தியாகராஜர் சமாதி. தியாகராஜர் மறைந்தது 1847 ஜனவரி 6. தை மாதத்து ஆராதனைக்கு வந்தால் நிற்க இடம் இருக்காது. ஆவணியில் நாங்களும் ஒரு நாயும்தான்.

நான் இவர்களைக் கூட்டிவந்தது சமாதிக்காக மட்டும் இல்லை, அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் பெங்களூர் நாகரத்தினம்மாள் சிலைக்காக. தேவதாசிக் குடும்பத்தில் பிறந்து, பெரிய பாடகியாகிச் சென்னையில் வாழ்ந்தவர். இந்தச் சமாதி புதர் மண்டிக் கிடக்கிறது என்று கேள்விப்பட்டு, தன் சொந்தச் சம்பாத்தியத்தைப் போட்டு 1920களில் இங்கே கோயில் எழுப்பினார். ஆனால் ஆராதனை நடத்திய ஆண்கள் பெண்களைப் பாட விடவில்லை. கோயில் கட்டியவரே பாட முடியாது! 1927இல் அவர் பெண்களைத் திரட்டித் தனியாக ஆராதனை நடத்தினார். பிறகு, 1940 வாக்கில், பிரிந்து கிடந்த கட்சிகள் ஒன்றாகி எல்லோரும் சேர்ந்து பாடும் வழக்கம் வந்தது. நாகரத்தினம்மாள் 1952இல் மறைந்தார். இன்று ஆராதனையில் தியாகராஜரின் பஞ்சரத்தினக் கீர்த்தனைகளை ஆண் வரிசையும் பெண் வரிசையும் எதிரெதிரே உட்கார்ந்து பாடுவதைத் தொலைக்காட்சியில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த அம்மாள்தான் நினைவுக்கு வருவார்.

அக்கா கொண்டுவந்திருந்த கதம்பத்தில் பாதியை சமாதியில் வைத்தார். மீதியை சிலையின் காலடியில் வைத்தார். நோட்டை அவரே வாங்கி எழுதினார்.

திரும்பும்போது அசோகா வாங்கினோம். பாசிப்பருப்பும் நெய்யும் சர்க்கரையும், இலையில் வைத்தால் நெய் ஓரம் கட்டும். இதைத் திருவையாற்றில் சூடாகச் சாப்பிட வேண்டும், வீட்டுக்குக் கட்டிக்கொண்டு போனால் பாதி ருசி வழியிலேயே போய்விடும்.

நான்காம் நாள், ஞாயிறு: புன்னைநல்லூர்

ஆவணி ஞாயிறு. புன்னைநல்லூர் மாரியம்மன் கோயிலைத் தேர்ந்தெடுத்தவர் பொய்க்கால் குதிரை அண்ணன். கூட்டத்தில் எல்லாம் நெரிந்துதான் பார்த்தோம். புற்று மண்ணால் ஆன அம்மன் என்பதால் மூலவருக்கு அபிஷேகம் கிடையாது, ஐந்து ஆண்டுக்கு ஒரு தடவை தைலக்காப்பு. அதைத் தவிர உள்ளே நின்று யோசிக்க இடமும் இல்லை, நேரமும் இல்லை.

அண்ணன் முதன்முதலில் கட்டை கட்டிக்கொண்டு ஆடியது இந்தக் கோயில் தெருவில், பத்து வயதில். ஓரடி உயரக் கட்டையைக் காலில் இறுக்கிக் கட்டி, காகிதமும் துணியும் ஒட்டிய குதிரைக்கூட்டை இடுப்பில் மாட்டிக்கொள்ள வேண்டும். குதிரையை அசைத்துக்கொண்டே இருந்தால்தான் நிற்க முடியும், சும்மா நின்றால் விழுந்துவிடுவாய் என்று அவருக்கு அவர் மாமா சொல்லிக்கொடுத்தாராம். அவர் விழுந்த இடத்தையும் காட்டினார். முழங்காலில் தழும்பு இன்னும் இருக்கிறது.

மூன்று மணிக்கு மழை. ஒரு வேண்டுதல்காரக் குடும்பம் எங்களைப் பார்த்துவிட்டு வாசிக்கக் கேட்டுக்கொண்டதால் நாங்களும் இறங்கிவிட்டோம், ஆனால் ஈரத்தில் தோல் தளர்ந்து தப்பு 'தொப் தொப்' என்றது. தோலைக் காய்ச்ச வைத்திருந்த வைக்கோல் எல்லாம் நனைந்திருந்தது. ஒரு டீக்கடைக்கார அம்மா அடுப்பை ஒதுக்கிக் கொடுத்தார். அந்தச் சூட்டில் காட்டிக் காட்டி நாலு தப்பையும் எழுப்பி, அரை மணி வாசித்தோம். அந்த அம்மாவின் பெயர் நோட்டில் இருக்கிறது. கலைஞர் பெயர்தானே என்று யாரும் வாதம் பண்ணவில்லை.

ஐந்தாம் நாள், திங்கள்: நரசிங்கம்பேட்டை

சின்னவன் எங்களோடு மூன்று வருடமாகத் தப்பு அடிக்கிறான், ஆனால் அவன் ஆசை நாதஸ்வரம். கும்பகோணம் போய், மயிலாடுதுறை பஸ் மாறி, ஆடுதுறை தாண்டி இறங்கினோம். கும்பகோணத்தில் ஒரு பஸ்ஸைத் தவறவிட்டதில் வெயில் ஏறிவிட்டது.

2022இல் புவிசார் குறியீடு வாங்கிய நரசிங்கம்பேட்டை நாதஸ்வரம் ஆச்சா மரத்தில் ஆனது. புது மரம் ஆகாது. பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் தூணும் உத்தரமும்தான் வேண்டும். பல பத்தாண்டுகள் கூரையைத் தாங்கி, ஈரமெல்லாம் வற்றிய மரம் என்றால்தான் வெடிக்காது, வளையாது. பட்டறையில் ஒரு மூலையில் பழைய உத்தரம் ஒன்று சாத்தியிருந்தது, அதில் யாரோ ஊஞ்சல் மாட்டிய வளையத்தின் தடம் அப்படியே இருந்தது. எந்த வீட்டுக் குழந்தைகள் ஆடிய ஊஞ்சலோ. அது இனிமேல் எந்தக் கல்யாணத்திலோ கெட்டிமேளத்தோடு ஊதும்.

உலவு என்பது குழல், அணசு என்பது கீழே விரியும் வாய். விரல் வைத்து வாசிக்க ஏழு துளை, சுருதிக்காக இன்னும் ஐந்து. முன்பெல்லாம் திமிரி என்ற குட்டை நாதஸ்வரம்தான், சுருதி உயரம். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்காக (1898–1956) இந்த ஊர் ரங்கநாத ஆசாரி நீளமான பாரி நாதஸ்வரத்தைச் சீர் செய்து கொடுத்தார். இன்று எல்லோர் கையிலும் இருப்பது அந்த வழிதான். திருவாவடுதுறையும் பக்கத்திலேயே இருக்கிறது. வாசித்த கையும் செதுக்கிய கையும் நடந்துபோகும் தூரத்தில் இருந்திருக்கின்றன. வீணைப் பட்டறையில் கேட்ட கேள்விக்கு இங்கே ஒரு பதில் கிடைத்த மாதிரி இருந்தது. ராஜரத்தினம் பிள்ளை பெயரைச் சொல்லும் ஊர்க்காரர்கள் அதே மூச்சில் ஆசாரி பெயரையும் சொல்கிறார்கள்.

ஆசாரி ஒருவர் சின்னவன் கையில் குழலைக் கொடுத்தார். ஊதுகிற நாக்கான சீவாளியை வாயில் நனைத்துக்கொண்டு ஊதினான். காற்றுதான் வந்தது. மறுபடி. காற்றுதான். ஆசாரி அவன் கன்னத்தை இரண்டு விரலால் லேசாகப் பிடித்து, "உதட்டால கடிக்காத, பிடி" என்றார். ஆறாவது தடவை ஒரே ஒரு சத்தம், கரகரப்பாக, நீளமாக வந்தது. பட்டறையில் வேலை செய்தவர்கள் உளியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். விலையைக் கேட்டுவிட்டு வந்திருக்கிறோம். அடுத்த ஆடிக்குள் குழுப் பணத்தில் ஒன்று வாங்கிவிடலாம் என்று என் கணக்குச் சொல்கிறது.

ஆறாம் நாள், செவ்வாய்: வடவாற்றங்கரை

கடைசி இடம் வாத்தியாருடையது. எங்கே என்று ஐந்து நாளும் அவர் வாயைத் திறக்கவில்லை. சாயங்காலம் தப்பை எடுத்துக்கொண்டு வாங்க என்று மட்டும் சொன்னார். கரந்தைப் பக்கம் வடவாற்றுக் கரையில், படித்துறைக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு புங்கமரத்தடி. கோயில் இல்லை, மண்டபம் இல்லை. மரத்தடியில் மூன்று கருங்கல், மூன்றும் கரி பிடித்துப்போயிருந்தன.

அவர் அப்பாவும் சித்தப்பாவும் தப்புக் காய்ச்சிய இடம். ஊருக்குள் போவதற்கு முன்னால் இங்கே நெருப்புப் போட்டுத் தோலை எழுப்பிக்கொண்டு போவார்களாம். இழவுக்கும் சரி, திருவிழாவுக்கும் சரி, முதல் அடி இந்த மரத்தடியில்தான். சாவுக்கு அடிக்கப் போனால் தெருமுனையிலேயே நிற்க வேண்டிய காலம் அது. ஒருத்தரும் பெயர் கேட்க மாட்டார்கள், 'ஏய் தப்பு' என்றுதான் கூப்பிடுவார்கள் என்றார். சத்தத்தை உயர்த்தாமல்தான் சொன்னார். அவர் பையில் சுருட்டியிருந்த சால்வைகளை, பள்ளிக்கூட விழாக்களில் போட்டவற்றை, அக்கா அமைதியாக ஒழுங்குபடுத்தி மடித்துக்கொண்டிருந்தார்.

வைக்கோலைக் கொளுத்தினோம். தப்பை நெருப்பின் மேல் பிடித்துச் சுற்ற வேண்டும், ஒரே இடத்தில் நின்றால் தோல் கருகிவிடும். முதலில் தோலின் வாசனை வரும், பிறகு ஓரம் இறுகும், விரலால் சுண்டினால் 'திண்' என்று கேட்கும். வாத்தியார் சட்டத்தைத் திருப்பி உள்பக்கத்தைக் காட்டினார். மூன்று மரத்துண்டை வளைத்துச் சேர்த்த வட்டம், சேர்ந்த இடத்தில் இரும்புப் பட்டை, தோலை ஒட்டிய புளியங்கொட்டைப் பசை அடுக்கடுக்காக. தோல் எத்தனையோ மாறிவிட்டது, சட்டம் மட்டும் அவர் அப்பாவுடையது.

அக்கா நோட்டை எடுத்தார். "வாத்தியாரே, பேரெல்லாம் சொல்லுங்க. உங்களுக்குக் கத்துக்குடுத்தவங்க, அவங்களுக்குக் கத்துக்குடுத்தவங்க."

அவர் சொன்னார். அப்பா, சித்தப்பா, சித்தப்பாவின் மைத்துனர், பக்கத்து ஊரிலிருந்து வந்து சேர்ந்துகொண்ட இருவர், தாத்தா. தாத்தாவுக்குக் கற்றுக்கொடுத்தவர் பெயர் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தார். அவருக்கு ஒரு கை சிறுத்திருக்கும், ஆனால் அடிக்குச்சியை அவர் மாதிரி யாரும் போட்டதில்லை என்று தாத்தா சொல்வார், அது நினைவிருக்கிறது, பெயர் இல்லை என்றார். அக்கா அந்த வரிக்கு இடம் விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனார். பெரிய கோயிலில் செதுக்காமல் விட்ட கல் எனக்கு நினைவுக்கு வந்தது.

பெயர்களை இங்கே போடவில்லை. வீட்டுக்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும். ஆனால் அக்கா எழுதிய விதத்தைச் சொல்லலாம். மதிலில் இருந்த மாதிரியே எழுதினார்: வடவாற்றங்கரை, புங்கமரத்தடி, தலைவீடு, இன்னார், தப்பு. இரண்டாம் வீடு, இன்னார், தப்பு. மூன்றாம் வீட்டில் வாத்தியார் நிறுத்தினார். சித்தப்பா பெயரில் ஒற்று விட்டுப்போயிருந்தது. படிக்கத் தெரியாதவர் என்று நாங்கள் இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்த மனிதர், விரலை வைத்துக் காட்டினார். அக்கா அடித்துவிட்டுத் திருத்தி எழுதினார்.

அதற்குள் வைக்கோல் நெருப்பு அடங்கிவிட்டது. வாத்தியார் எழுந்து தோளில் வாரை மாட்டிக்கொண்டார்.

"தோல் ஆறிடும்ப்பா, எடுங்க" என்றார். எடுத்தோம்.